மனை மாட்சி: தரைக்கு வர்ணம் தீட்டுமுன்

ஐப்பசி பிறந்தவுடன் நம் ஊரில் குடையைத் தேடி எடுப்பார்கள். தில்லியிலோ குடையை மடித்துப் பரண்மீது போட்டுவிடுவார்கள். அங்கே அடைமழை தொடங்கும் காலம், இங்கே மழை ஓய்ந்து வானம் வெளுத்திருக்கும் காலம். தீபாவளியை முன்னிட்டு வீட்டை ஒழித்துத் துடைத்துச் சுவர்களுக்கு வெள்ளையடிப்பது வடநாட்டில் வேரூன்றிய வழக்கம். பல்லாண்டுகளாக இங்கே வாழும் நம்மவர்களும் அதைத் தமதாக்கிக் கொண்டுவிட்டனர். சுவர் வெளுத்த பிறகு கண் தானாகவே தரையை நோக்குகிறது. நேற்றுவரை குறையின்றித் தோன்றிய சிமெண்டுத் தரை, இன்று கறையும் கீறலுமாகக் காட்சி தருகிறது. "இதற்கும் ஒரு வர்ணம் அடித்துவிட்டால் என்ன?" என்ற எண்ணம் எழுகிறது.

இந்த எண்ணம் எழுந்த அன்பர்கள் இருவர் நமக்கு எழுதியிருக்கிறார்கள். ஒருவர் மாடியின்மேல் தனி அறையில், அதாவது இவ்வூரார் 'பர்ஸாதி' என்று வழங்கும் அறையில், குடியிருப்பவர். மற்றவர் யமுனைக்கு அப்பால் கீழ்த்தளத்தில் சிறு வீடொன்றை வாங்கி, ஊரிலிருந்து பெற்றோரை அழைத்துவர ஏற்பாடு செய்துகொண்டிருப்பவர். இருவரது கேள்வியும் ஒன்றே: "சிமெண்டுத் தரைக்கு நாமே வர்ணம் அடிக்கலாமா? எந்த வர்ணம் நல்லது?"

கேள்வி ஒன்றாயினும் இருவருக்கும் நாம் கூறவிருக்கும் விடை ஒன்றன்று. அது ஏன் என்பதை விளக்க, நம்முடைய சொந்த அனுபவம் ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். அது பெருமைப்படத் தக்க அனுபவம் அல்ல. ஆயினும் பிறருக்குப் பயன்படும்.

நாம் செய்த பிழை

பல ஆண்டுகளுக்கு முன்பு கரோல்பாக்கில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்குக் குடியிருந்தோம். கும்பகோணத்திலிருந்து அம்மா முதன்முறையாக நம்முடன் வந்து தங்க இசைந்தார். நம் பூர்விக வீட்டில் சிவப்புத் தரை. இரண்டு தலைமுறையாகத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆனது. சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்த தில்லித் தரையைப் பார்த்தால் அம்மாவின் மனம் சோர்ந்துவிடுமே என்று தோன்றியது. அவர் வருவதற்கு ஐந்து நாட்களே இருந்தன. ஆவணி மாதம், வெளியே மழை. கடைக்குச் சென்று, கதவுக்கும் ஜன்னலுக்கும் அடிக்கும் பளபளப்பான எனாமல் வர்ணத்தில் சிவப்பு நிறம் கேட்டு வாங்கினோம். தரையை நன்றாகக் கழுவினோம். மறுநாள் காலை மேற்புறம் உலர்ந்து காணப்படவே, இரண்டு பூச்சுப் பூசி முடித்தோம்.

அம்மா வந்து இறங்கியபோது தரை ரத்தினக் கம்பளம் விரித்தாற்போல் இருந்தது. அவர் முகத்தில் மலர்ச்சியைக் கண்டோம். அந்த மலர்ச்சி மூன்று வாரங்கள்தான் நீடித்தது. முதலில் சுவரோரமாகக் கொப்புளங்கள் எழுந்தன. பிறகு கட்டிலின் கால் பட்ட இடமெல்லாம் வர்ணம் தோல்போல் உரிந்தது. உரிந்த இடத்தில் கை வைத்தால் ஈரம். அதைவிடப் பெரிய துன்பம் அடுக்களையில் காத்திருந்தது. ஒரு நாள் விடியற்காலையில் கால் அலம்பிக்கொண்டு உள்ளே வந்த அம்மா, அந்தப் பளபளப்பான தரையில் வழுக்கி விழுந்தார். ஊன்றிய கையின் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரங்கள் மாவுக்கட்டு.

அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உரிந்து கிடந்த தரையைப் பார்த்தவாறு, "ஏனப்பா, ஈரம் காயாத துணியை மடித்துப் பெட்டியில் வைப்போமா? தரைக்கு மட்டும் ஏன் அப்படிச் செய்தாய்?" என்று கேட்டார். பின்னர் வந்து பார்த்த மிஸ்திரியும் ஒரே சொல்லில் அதையே கூறினார்: "ஸீலன்." மண்ணிலிருந்து மேலேறும் ஈரக் கசிவுக்கு இங்கே அதுதான் பெயர்.

அன்று தொடங்கி இத்துறையில் அறிந்தவர்களைக் கேட்டும், நாமே செய்து பார்த்தும் கற்றுக்கொண்டவற்றைக் கீழே தருகிறோம். சுருக்கமாகச் சொன்னால், வர்ணம் தீட்டுவது கடைசி இரண்டு நாட்களின் வேலை. தரையை ஆயத்தம் செய்வதே உண்மையான வேலை.

தரையின் இயல்பு

சிமெண்டுத் தளம் பார்வைக்குக் கல்போல் இருந்தாலும் அதனுள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் எண்ணற்றவை. விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல, அத்துளைகள் அடியிலுள்ள மண்ணின் ஈரத்தை மேலே இழுக்கின்றன. திறந்த தரையில் அந்த ஈரம் காற்றில் கலந்துவிடுகிறது; நமக்குத் தெரிவதும் இல்லை. மேலே வர்ணப் படலத்தைப் போர்த்திவிட்டால் ஈரத்திற்குப் போக்கிடம் இல்லை. அது படலத்தை அடியிலிருந்து நெம்பித் தள்ளுகிறது. கொப்புளம் எழுவதன் காரணம் இதுவே.

இரண்டாவதாக, சிமெண்டு காரத் தன்மை மிகுந்தது. எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு உண்டாகும் என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். எண்ணெய் அடிப்படையில் செய்த எனாமல் வர்ணம் ஈரமான சிமெண்டின்மேல் படும்போது ஏறக்குறைய அதுவே நிகழ்கிறது. வர்ணத்தின் அடிப்பகுதி குழைந்து பிடிப்பை இழக்கிறது. மரத்திற்கும் இரும்பிற்கும் உகந்த வர்ணம் தரைக்கு ஆகாது என்பதற்கு இது ஒன்றே போதிய காரணம்.

மூன்றாவதாக, புதிதாகப் போட்ட தளம் இறுகுவதற்குக் காலம் வேண்டும். தண்ணீர் தேக்கிப் பதப்படுத்திய புதுத் தளத்தைக் குறைந்தது 28 நாட்கள் விட்டுவைக்க வேண்டும் என்பது பொது விதி. மழைக்காலத்திலும், காற்றோட்டம் இல்லாத அறையிலும் அதற்கு மேலும் காத்திருத்தல் நலம். "மேஸ்திரி போன வாரம் முடித்தார், இந்த வாரம் வர்ணம்" என்ற அவசரம் பணத்தைத் தரையில் கொட்டுவதாகும்.

வர்ணம் வேண்டாத தரை

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறோம். சிலருடைய வீடுகளில் பழைய சிவப்புத் தரை இருக்கும். சிமெண்டுடன் இரும்பு ஆக்ஸைடுத் தூளைக் கலந்து, ஈரமான தளத்தின்மேல் பரப்பி, கரணையால் பொறுமையாக இழைத்து மெருகேற்றிய தரை அது. தமிழகத்திலும் கேரளத்திலும் இது பரவலாக உண்டு. கொல்கத்தாவின் பழைய வீடுகளில் கறுப்புக் கரையிட்ட சிவப்புத் தரையை அங்குள்ள நம் நேயர்கள் நாள்தோறும் மிதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அத்தரையின் நிறம் மேலே பூசியதன்று, உடலோடு கலந்தது. அது மங்கிவிட்டது என்பதற்காக அதன்மேல் வர்ணம் பூசுவது, பட்டுப் புடவைக்குச் சாயம் தோய்ப்பது போன்றது. அழுக்கு நீங்கத் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் துணியில் சில துளி தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்து, மிகுந்த எண்ணெயை உலர்ந்த துணியால் சுத்தமாக ஒற்றி எடுத்துவிட்டால் போதும். பழைய மெருகு திரும்பிவிடும்.

வாடகை வீட்டில் இருப்போர் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். வர்ணம் பூசுமுன் வீட்டுக்காரரிடம் எழுத்து மூலம் சம்மதம் பெறுங்கள். அரசாங்கக் குடியிருப்பாயின் பராமரிப்பு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். முன்பணத்தைத் திரும்பப் பெறும் நாளில் தரையைப் பற்றிய வழக்கு எழாமல் இருக்கும்.

மூன்று சோதனைகள்

வர்ணக் கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே செய்து பார்க்கத் தக்க சோதனைகள் மூன்று. மூன்றுக்கும் செலவு மிகச் சொற்பம்.

முதலாவது ஈரச் சோதனை. ஏறக்குறைய ஒன்றரை அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள தடித்த பிளாஸ்டிக் தாளை உலர்ந்த தரைமேல் விரித்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி நாடாவால் ஒட்டிவிடுங்கள். ஒரு பகலும் ஓர் இரவும் அப்படியே இருக்கட்டும். பிறகு உரித்துப் பாருங்கள். தாளின் அடிப்புறத்தில் முத்துமுத்தாக நீர் கோத்திருந்தாலோ, தாள் மூடியிருந்த இடம் மட்டும் கருத்திருந்தாலோ, தரைக்கு அடியிலிருந்து ஈரம் வருகிறது என்று பொருள். தாளின் மேற்புறத்தில் மட்டும் ஈரம் இருந்தால் அது காற்றின் ஈரம். உலர்ந்த பருவம் வரும்வரை காத்திருந்தால் போதும். இந்தச் சோதனையை அறையின் நடுவில் ஓரிடத்திலும், வெளிச்சுவரின் ஓரமாக ஓரிடத்திலும், குளியலறையை அடுத்து ஓரிடத்திலும் செய்து பார்ப்பது அவசியம். ஈரம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இராது.

இரண்டாவது நீர்த்துளிச் சோதனை. தரையில் ஆங்காங்கே சில துளிகள் தண்ணீர் விடுங்கள். ஓரிரு நிமிடங்களில் தரை அதை உறிஞ்சிக்கொண்டால் வர்ணத்தையும் பற்றிக்கொள்ளும். தாமரை இலைமேல் நீர்போல் உருண்டு நின்றால் அங்கே எண்ணெயோ மெழுகோ பழைய பூச்சோ இருக்கிறது. நம் இல்லங்களில் பூஜை மாடத்தின் முன்னும் அடுப்பங்கரையிலும் இச்சோதனையைத் தவறாமல் செய்க. குத்துவிளக்கிலிருந்து சொட்டிய நல்லெண்ணெய் பல ஆண்டுகளாகத் தரைக்குள் இறங்கியிருக்கும்.

மூன்றாவது கீறல் சோதனை. ஓர் ஆணியால் தரையை அழுத்திக் கீறிப் பாருங்கள். மெல்லிய கோடு மட்டும் விழுந்தால் நல்லது. மாவாக உதிர்ந்தால் மேற்பரப்பு வலுவற்றது. அதன்மேல் எவ்வளவு உயர்ந்த வர்ணம் பூசினாலும் அந்த மாவோடு சேர்ந்தே கிளம்பி வந்துவிடும்.

சுத்தம் செய்தல்

சோதனையில் தேறிய தரையை முதலில் பெருக்கி, பிறகு கழுவ வேண்டும். எண்ணெய்க் கறைக்கு வெந்நீரில் கரைத்த சலவைச் சோடாவும் தேங்காய் நார் பிரஷும் போதும். ஆழமாக இறங்கிய எண்ணெய்க்குச் சாக்பீஸ் தூளைத் தடிப்பாகக் கொட்டி, ஓர் இரவு விட்டுவைத்து, உறிஞ்சிய தூளைப் பெருக்கி எடுத்தபின் சோடா நீரால் தேய்க்கலாம். ஒருமுறையில் போகாவிட்டால் மீண்டும் செய்யத்தான் வேண்டும். கையுறை அணிந்துகொள்வது நலம்; சோடா நீர் தோலை அரிக்கும். சோடாவோ சோப்போ எதுவானாலும், கடைசியில் நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசிவிட வேண்டும். மிஞ்சி நிற்கும் சோப்பும் வர்ணத்திற்குப் பகையே.

சுவரோரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், அதை முதலில் உலர்ந்த பிரஷால் தேய்த்துக் கூட்டி அள்ளிவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் உப்புக் கரைந்து மறுபடி உள்ளே இறங்கிவிடும். அள்ளிய சில நாட்களில் மீண்டும் பூத்தால் ஈரத்தின் ஊற்று எங்கோ இருக்கிறது. கசியும் குழாயா, அடைபட்ட சாக்கடையா, வெளியில் மழைநீர் சுவரோரம் தேங்குகிறதா என்று கண்டு அதைச் செப்பனிட்ட பிறகே மேற்கொண்டு நடக்கலாம்.

ஏற்கெனவே வர்ணம் பூசிய தரையானால் உரிந்த பகுதிகளைச் சுரண்டி எடுக்க வேண்டும். இங்கே ஒரு கவனம் தேவை. பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருப்பதுண்டு. வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்ற விதி நம் நாட்டில் 2016-இல் வகுக்கப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட வர்ணத்தை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூள் பறக்கவிடுவது, தவழும் குழந்தைகள் உள்ள வீட்டில் மிகத் தீங்கானது. தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்டி, சுரண்டியதைக் காகிதத்தில் பொதிந்து அப்புறப்படுத்துக. அந்த வேலை நடக்கும்போது குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அந்த அறையில் இருத்தலாகாது.

கீறலும் சொரசொரப்பும்

வெடிப்புகளை அப்படியே பூசி மறைக்க முடியாது. மெல்லிய வெடிப்பையும் உளியால் சற்றே அகலமாக்கி, தூசியைத் துடைத்து, ஓரங்களை ஈரப்படுத்தி, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு சலித்த மணல் சேர்த்த கலவையால் அடைக்க வேண்டும். கலவை நன்றாகப் பிடிப்பதற்கென்றே பால்போன்ற ஒரு திரவம் கடைகளில் கிடைக்கிறது. டின்னில் கூறியுள்ள அளவில் அதைக் கலந்துகொண்டால் ஒட்டு வலுப்படும். அடைத்த இடமும் புதுச் சிமெண்டுதான் என்பதை மறவாமல், அது இறுகி உலர நாள் கொடுங்கள்.

அடுத்தது சொரசொரப்பு. கரணையால் வழவழவென்று இழைத்த தரையில் வர்ணத்திற்குக் கால் ஊன்ற இடமில்லை. மிஸ்திரிகள் பலர் இதற்கு அமிலத்தைக் கொண்டு வருவார்கள். வீட்டுக்குள் நாமே அமிலத்தைக் கையாள வேண்டாம் என்பதே நம் கருத்து. அதன் ஆவி கண்ணையும் மூச்சுக் குழலையும் தாக்கும். அருகிலுள்ள இரும்புச் சாமான்கள் துருப்பிடிக்கும். 2013-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையின்படி அமிலம் வாங்குவோர் புகைப்பட அடையாளச் சான்று காட்டிக் காரணமும் சொல்ல வேண்டும். விற்பவர் பதிவேட்டில் எழுத வேண்டும். 18 வயது நிரம்பாதவருக்கு விற்கலாகாது. தொழிலறிந்தவர் அதைப் பயன்படுத்தியே தீர வேண்டுமானால், தண்ணீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாக விட வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அந்த இடத்தில் பிளீச்சிங் பவுடர் எக்காரணம் கொண்டும் கலத்தலாகாது; இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு எழும்.

சிறிய அறைக்கு இவ்வளவு ஆபத்தை விலைக்கு வாங்குவானேன்? தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் வகையைச் சேர்ந்த முரட்டு உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றிக்கொண்டு, தரையை ஈரமாக்கித் தேய்த்தால் போதும். நேரம் பிடிக்கும், கை வலிக்கும், ஆனால் தீங்கு இல்லை. உலர்ந்த நிலையில் தேய்த்தால் எழும் சிமெண்டுத் தூசி நுரையீரலுக்குக் கேடு. தேய்த்த சேற்றைக் கழுவி, இரண்டு மூன்று நாட்கள் ஜன்னலைத் திறந்து உலரவிட்டு, மீண்டும் பிளாஸ்டிக் தாளை ஒட்டிப் பாருங்கள். இந்த இரண்டாம் சோதனையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கழுவிய தண்ணீரும் ஈரந்தானே!

வர்ணமும் பருவமும்

கடையில் "தரைக்குரிய வர்ணம்" என்று கேட்டு வாங்க வேண்டும். வீட்டு உபயோகத்திற்கு இரண்டு வகைகளைப் பற்றி அறிந்தால் போதும். ஒன்று, தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் தரை வர்ணம். வாடை குறைவு, கையாள எளிது, நடமாட்டம் மிகுந்த இடத்தில் சில ஆண்டுகளில் தேயும், ஆயினும் தேய்ந்த இடத்தில் மறுபடி பூசிக்கொள்ளலாம். மற்றொன்று, இரண்டு டின்களாக வரும் எபாக்ஸி. ஒன்றில் பிசின், மற்றதில் அதை இறுகச் செய்யும் ஹார்டனர். கலந்தபின் குறிப்பிட்ட நேரத்திற்குள் பூசி முடிக்க வேண்டும். வெயில் காலத்தில் அந்த நேரம் இன்னும் குறுகும். மிக வலுவானது, விலையும் அதிகம். ஆனால் வெயில் நேரடியாகப் படும் இடத்தில் மஞ்சளாக மாறும். அடியில் சிறிது ஈரம் இருந்தாலும் பொறுக்காது. முதன்முறை செய்வோருக்கு அக்ரிலிக் வகையையே நாம் பரிந்துரைப்போம்.

எவ்வளவு வாங்குவது? பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையின் பரப்பு 120 சதுர அடி. இரண்டு பூச்சுக்கு 240. டின்மேல் லிட்டருக்கு 100 சதுர அடி என்று எழுதியிருந்தால் கணக்குப்படி 2.4 லிட்டர் ஆகும். ஆனால் அச்சிட்ட அளவு வழவழப்பான பரப்புக்கானது. தேய்த்துச் சொரசொரப்பாக்கிய தரை சற்று அதிகமாகக் குடிக்கும். ஆகவே மூன்று லிட்டர் வாங்குவது உசிதம். டின்கள் எல்லாம் ஒரே தொகுதி எண் கொண்டவையா என்று பார்த்து வாங்கினால் நிறம் மாறாது.

பருவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மும்பையிலும் கொல்கத்தாவிலும் ஆனி முதல் புரட்டாசி வரை இவ்வேலையைத் தொடாதீர்கள், காற்றே நனைந்திருக்கும். அங்கே மார்கழி, தை மாதங்கள் ஏற்றவை. தில்லியிலோ மார்கழி இரவுகளில் குளிர் 10 டிகிரி செல்ஷியஸுக்குக் கீழே இறங்கிவிடும்; அந்தக் குளிரில் வர்ணம் சரியாக இறுகாது. இங்கே ஐப்பசியின் பிற்பகுதியும், மாசி, பங்குனியும் உகந்த காலம்.

பூசும் நாள்

அறையைக் காலி செய்து, தூசியைப் பெருக்கி, ஈரத் துணியால் ஒற்றி, முழுவதும் உலரவிடுங்கள். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். தின்னர் கலந்த வகையானால் எளிதில் தீப்பற்றும். அறையில் விளக்கோ ஊதுவத்தியோ அடுப்போ எரியலாகாது. பூஜைப் படங்களை வேறு அறைக்கு மாற்றி, அன்று அங்கேயே விளக்கேற்றலாம். இறைவன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

முதலில் தரைக்குரிய பிரைமர் ஒரு பூச்சு. அது உலர்ந்தபின், சுவரோரங்களைப் பிரஷால் தீட்டிக்கொண்டு, மற்ற இடத்தை ரோலரால் பூச வேண்டும். வாசலுக்கு எதிர் மூலையில் தொடங்கி வாசலில் வந்து முடியுங்கள். வேடிக்கையாகத் தோன்றலாம்; ஆயினும் வாசலில் தொடங்கி மூலையில் அகப்பட்டுக்கொண்டவர்களை நாம் அறிவோம். பூச்சு மெல்லியதாக இருக்கட்டும். தடித்த ஒரு பூச்சைவிட மெல்லிய இரண்டு பூச்சு நெடுநாள் உழைக்கும். முதற்பூச்சுக்கும் இரண்டாவதற்கும் இடையே டின்னில் குறித்துள்ள நேரத்தைக் கடைப்பிடியுங்கள்.

இனி நாம் மறக்க முடியாத விஷயத்திற்கு வருகிறோம். அடுக்களை, குளியலறை வாசல், படிகள் ஆகிய இடங்களில் பளபளப்பு வர்ணம் கூடவே கூடாது. வழுக்காமல் இருப்பதற்கென்று வர்ணத்தில் கலக்கும் நுண்ணிய மணல் கடையில் கிடைக்கும். கடைசிப் பூச்சில் அதைக் கலந்தோ, ஈரமான முதற்பூச்சின்மேல் சீராகத் தூவி உலர்ந்தபின் உதிரியைப் பெருக்கிவிட்டு அடுத்த பூச்சைப் பூசியோ பயன்படுத்தலாம். பெருக்கித் துடைக்கச் சற்றுக் கடினமாக இருக்கும். முதியவர் ஒருவரின் எலும்பைவிட அந்தச் சிரமம் பெரிதன்று.

பூசி முடித்தபின் ஒரு முழு நாள் யாரும் நடக்க வேண்டாம். கட்டில், அலமாரி முதலியவற்றை ஒரு வாரம் கழித்து உள்ளே கொண்டு வாருங்கள். இழுக்காமல் தூக்கி வையுங்கள். மிஞ்சிய வர்ணத்தைச் சாக்கடையில் ஊற்றாமல் இறுக மூடி வைத்தால் பின்னர் தேய்ந்த இடத்திற்கு உதவும்.

அன்பர் இருவருக்கும் விடை

பர்ஸாதியில் இருக்கும் அன்பருக்கு: தங்கள் அறைக்கு அடியில் மண் இல்லை, ஆகையால் மண்ணிலிருந்து ஏறும் ஈரம் பற்றிய கவலையும் இல்லை. திறந்த மாடியிலிருந்து மழைநீர் வாசற்படி வழியாக உள்ளே புகாதபடி பார்த்துக்கொண்டு, சோதனைகளைச் செய்து, இந்த ஐப்பசியிலேயே தாராளமாகப் பூசலாம்.

கீழ்த்தளத்து அன்பருக்கு: தாங்கள் இப்போது பூச வேண்டாம். முதலில் பிளாஸ்டிக் தாளை ஒட்டிப் பாருங்கள். ஈரம் தென்பட்டால் மாசியில் மீண்டும் பாருங்கள். அப்போதும் தென்பட்டால் எந்த வர்ணமும் அதை அடக்காது. தளத்தைப் பெயர்த்து, அடியில் தடித்த பாலிதீன் விரிப்பு இட்டுப் புதுத் தளம் போடுவதே நிலையான பரிகாரம். அதற்குப் பொருள் சேரும்வரை தரை சாம்பல் நிறமாகவே இருக்கட்டும். சுத்தமான வெறுந்தரைமேல் பாய் விரித்துப் பெற்றோரை அமரச் செய்யுங்கள். அவர்கள் தரையைப் பார்க்க வரவில்லை. தங்களைப் பார்க்க வருகிறார்கள். இதை நாம் அன்று அறியாமற் போனோம்.

கை குணமானபின் அம்மா செய்த முதற்காரியம் என்ன தெரியுமா? நாம் வர்ணத்தையெல்லாம் சுரண்டி எடுத்து வெறுமையாக விட்டிருந்த அந்தச் சாம்பல் தரையில், வாசலுக்கு உட்புறமாக, அரிசி மாவைக் கரைத்து ஒரு மாக்கோலம் இட்டார். சுற்றிலும் காவிப் பட்டை தீட்டினார். அது உலர்ந்து வெள்ளையும் சிவப்புமாக எழுந்து நின்றபோது, "இந்தத் தரைக்கு இது போதும்" என்றார். உண்மையில் அது போதுமானதாகவே இருந்தது.

அடுத்த இதழில், குளிர்காலம் வருமுன் ரஜாய்களையும் கம்பளிகளையும் வெயிலில் உலர்த்திப் பூச்சி அண்டாமல் எடுத்து வைக்கும் முறையைப் பற்றி எழுதுவோம்.